எட்டு நாள் தாளிக்காத ஊர்

என்னைப் போன்ற மடையனிடம் மைக்கைக் கொடுக்கக் கூடாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் எங்கள் காலைநடைக் கூட்டத்துக்கு ஆண்டுவிழா. திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றி நடக்கிறோம் என்று பேர். பாதித் தூரத்தைக் காலால் நடப்போம், மீதியை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாயால் முடிப்போம். விழாவில் ஆளுக்கொரு தலைப்பு, ஆளுக்குப் பத்து நிமிடம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது 'கட்டுப்பாடு'. நான் ஐம்பது நிமிடம் பேசினேன்.

நடுவில் தலைவர் இரண்டு துண்டுச்சீட்டு கொடுத்தனுப்பினார். முதலாவதைப் பாராட்டு என்று நினைத்து, பிறகு ஆற அமரப் படிக்கலாம் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இரண்டாவதை மைக்கிலேயே உரக்க வாசித்தேன். 'சோறு ஆறுது. இறங்கும்.' அன்றைக்குக் கைதட்டல் விழுந்தது அந்த ஒரு வரிக்குத்தான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. ஐம்பது நிமிடத்தில் சாலை விதியிலிருந்து சர்க்கரை நோய் வரை போய்வந்தேனே, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் சொல்லவேயில்லை. பரணில் கிடந்த அகராதியை எடுத்துத் தூசி தட்டினேன். கட்டுப்பாடு, கட்டுப்படு, கட்டு. உரித்துக்கொண்டே போனால் கடைசியில் உள்ளே ஒரு கயிறு கிடக்கிறது. மாட்டைக் கட்டுகிற கயிறு, புண்ணைக் கட்டுகிற துணி, வழிக்குச் சோறு கட்டுகிற இலை, எல்லாம் ஒரே குடும்பம். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்குத் துணியை இத்தனூண்டு இத்தனூண்டாகக் கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டின இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அந்த இடம்தான் புள்ளியாகச் சிரிக்கும். கட்டாத இடம் முழுக்க ஒரே சிவப்பு. இதை மேடையில் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் இறங்கியிருக்கலாம்.

ஓசூரில் இருக்கும் மகளிடம் போனில் கேட்டேன். ஆங்கிலத்தில் இதற்குச் சொல்லும் 'ரெஸ்ட்ரிக்ஷன்' என்ற வார்த்தையும், லத்தீனில் வேரைத் தேடிக்கொண்டு போனால், பின்னால் இழுத்து இறுக்கிக் கட்டுவதில்தான் போய் நிற்கிறதாம். ஆக, ஊருக்கு ஊர் கயிறு இருந்திருக்கிறது.

"எதுக்குப்பா கேக்குறீங்க?" என்றாள்.

"சும்மாதான்."

"திரும்பவும் பேசக் கூப்பிட்டிருக்காங்களா?" குரலில் நிஜமான கவலை.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது கீழ்வீட்டில் யாரோ தாளித்தார்கள். கடுகு படபடவென்று வெடித்து, கறிவேப்பிலை சொய்யென்று விழுந்து, அந்த வாசம் படியேறி எங்கள் வீட்டுக்குள் வந்தது. எனக்கு அந்தச் சத்தம் எப்போதும் ஒரு இடத்தைத்தான் ஞாபகப்படுத்தும். தாளிக்கிற இடத்தை அல்ல. எட்டு நாள் தாளிக்காமல் இருந்த ஓர் ஊரை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை ஒன்றில் பில் போடும் வேலை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் அதை மாட்டுவண்டியிலோ பஸ் கூரையிலோ போட்டுக்கொண்டு, வீட்டில் ஆளுக்கு உடம்பு சரியில்லாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். உள்ளே மெக்கானிக்குகள் கருகின கம்பியைப் பிரித்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவார்கள். நான் வாசலில், மேசைக்குப் பின்னால். மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது கனமாக இருக்கும் என்பது மட்டும்தான்.

எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பார்த்துக்கொண்டிருந்தார்கள்' என்று நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. மூன்று இடம் என் வாயாலேயே கெட்டுப்போயிருந்தது. ஒரு வீட்டில் போண்டா கொடுத்தார்கள். கையில் வாங்கி, "இது திங்கிறதுக்கா, வெளையாடுறதுக்கா?" என்று கேட்டேன். இன்னொரு வீட்டில் பெண்ணின் மாமா, "எங்க புள்ள அதிர்ந்து ஒரு வார்த்த பேசாது" என்றார். "கவலப்படாதீங்க, அந்த டிபார்ட்மெண்டை நான் பாத்துக்கறேன்" என்றேன். மூன்றாவது வீட்டில் என்ன சொன்னேன் என்பதை இந்த வயதில் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

நாலாவது ஜாதகம் வந்தபோது அம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னாள். "இந்தா பாரு. இதுவும் ஒன் வாயால கெட்டுச்சுன்னா, இனிமே ஒனக்காக எந்த வீட்டுப் படியும் நான் ஏற மாட்டேன். நீயாச்சு, ஒன் வாயாச்சு. ரெண்டு பேரும் குடும்பம் நடத்திக்கிருங்க."

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

பெண்ணுக்கு ஊர் வடமதுரையைத் தாண்டி, பஸ்ஸை விட்டிறங்கி ஒரு மைல் நடக்கிற தூரம். பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. அப்பா வெள்ளைச்சாமி, மல்லிகையும் கனகாம்பரமும் போட்டிருக்கிறவர். பெண்ணின் பெயர் பாண்டியம்மாள். ஜாதகம் பொருந்திவிட்டது. தரகர் கையில் என் போட்டோவைக் கொடுத்துவிட்டுப் பெண்ணின் போட்டோவைக் கேட்டோம். "பொண்ணே நேர்ல இருக்கு, போட்டோ எதுக்கு?" என்றார் தரகர். "ஆனா ஒண்ணு. ஊருல சாமி கும்பிடு வருது, காப்புக் கட்டப் போறாக. கும்பிடு முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு எல்லாருமா வாங்க."

காப்பு என்றால் என்ன என்று எனக்கு மேலோட்டமாகத் தெரியும். மஞ்சள் துணியில் நூலைக் கோத்துச் சாமிக்கும் பூசாரி கைக்கும் கட்டுவார்கள். அன்றோடு திருவிழா ஆரம்பம். டவுனில் வளர்ந்தவனுக்கு அவ்வளவுதான். ஒரு நூலுக்காக நான் ஏன் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்? ஒரு செவ்வாய்க்கிழமை முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு நாலு மணிக்கே கிளம்பினேன். திட்டம் சுலபம். ஊருக்குள் நுழைகிறோம், குழாயடிப் பக்கமாக நிற்கிறோம், யார் பாண்டியம்மாள் என்று காதில் விழுகிறது, ஒரு பார்வை பார்க்கிறோம், ஏழரை பஸ்ஸில் திரும்புகிறோம். உலகத்தில் இதற்கு முன்னால் ஒருவனுக்கும் தோன்றாத யோசனை என்று பஸ் முழுக்க எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன்.

ஊருக்குள் தெருவை அடைத்து வேப்பிலைத் தோரணம். முச்சந்தியில் ஒருவர் கொட்டடித்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை, டீக்கடையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கடைசி ஈடு. தின்னுக்கங்க" என்றார் கடைக்காரர். "இதுக்கு மேல எட்டு நாளைக்கு இந்த ஊருல எண்ணெச்சட்டி ஏறாது."

நான் ஐந்து தின்றேன். குழாயடிக்குப் போகவேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. கோவில் பக்கம் குலவைச் சத்தம் கேட்டது, கொட்டு முழங்கியது, அடங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். எதிரே, தோளில் பச்சைத் துண்டு, ஐம்பது வயது, மீசை. என்னை ஒரு நிமிடம் நின்று நிதானமாகப் பார்த்தார்.

"எங்கிட்டு கெளம்பிட்டீக?"

"ஏழரை பஸ்ஸுக்குங்க."

"காப்புக் கட்டியாச்சே தம்பி."

"கட்டட்டுங்க. நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா காப்புக் கட்டுறப்ப எல்லைக்குள்ள நின்ன ஆளு, அவுக்கிற வரைக்கும் ராத்தங்கல் இங்கதான். பகல்ல நீங்க எங்க வேணாலும் போங்க, வாங்க. பொழுதடஞ்சா ஊருக்கு வந்துரணும்."

அப்போது எவர்சில்வர் பாத்திரக்காரர் ஒருவர் சைக்கிளில் கடகடவென்று எங்களைத் தாண்டி ஊருக்கு வெளியே போனார். "அவரு போறாரே?" என்றேன்.

"அவரு வாடிக்கையா வாரவரு."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவரே மேலும் சொன்னார். "நீங்க போறதுன்னா போங்க தம்பி. இங்க யாரும் கையப் புடிச்சு இழுக்க மாட்டோம். ஒங்களக் கயித்துல கட்டவா போறோம்?" சொல்லிவிட்டு வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

நண்பரே, வழியை மறித்திருந்தால் நான் ஓடியிருப்பேன். ஒதுங்கி நின்றதில்தான் மாட்டிக்கொண்டேன். நாளைக்கு இதே ஊருக்கு மாப்பிள்ளைக் கோலத்தில் வரவேண்டியவன். 'காப்பை மதிக்காம ஓடுன பய' என்று நாலு பேர் அடையாளம் சொன்னால் அம்மா நாலாவது படியிலிருந்தும் இறங்க வேண்டியதுதான். இருந்தாலோ, எட்டு நாளில் நான் யாரென்று தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் திருட்டுத்தனமாகப் பெண்ணை நோட்டம் பார்க்க வந்தவன் என்றால் அதற்கும் அடிதான்.

"தம்பிக்கு எந்த ஊரு? என்ன சோலி?"

"திண்டுக்கல். மோட்டார் கம்பெனி. இந்தப் பக்கம் மோட்டாரெல்லாம் எப்படி ஓடுதுன்னு பாக்க வந்தேன்."

"பேரு?"

"சுந்தரம்." அது என் முதலாளியின் பெயர்.

"நல்ல பேரு. நம்ம மோட்டாருகூட ஒரு வாரமா மக்கர் பண்ணுது. வீட்டுக்கு வாங்க, மோட்டார் ரூம்ல கட்டிலு கெடக்கு. நம்ம பேரு வெள்ளைச்சாமி."

பஜ்ஜிக்குக் காசைக் கொடுத்துவிட்டு, மாமனாராக வரவேண்டியவர் பின்னாலேயே நடந்தேன்.

அந்த வீட்டை நடத்தியது வெள்ளைச்சாமியின் அக்கா, மொக்கையம்மா. பாண்டியம்மாளின் அம்மா முன்பே தவறிப்போயிருந்தார். மொக்கையம்மா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, "மோட்டார் கம்பெனியில சோறு போடுறதில்லையோ?" என்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவளைப் பார்ப்பதற்காகப் பொய்த் தலைவலி சொல்லி, பஸ் ஏறி, ஒரு மைல் நடந்து வந்தவன், அவளுடைய கால் பெருவிரலை மட்டும் பார்த்தேன். அதற்கு மேல் கண் ஏறவில்லை.

பிறகு சோறு. காப்புக் கட்டிவிட்டால் அந்த ஊரில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, உரலில் இடிக்கக் கூடாது, கறி கிடையாது. புளிக்கரைசலில் உப்பும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவைத்த ஒரு குழம்பு. வெஞ்சனத்துக்கு அவித்த சீனியவரைக்காய். ருசி இல்லை என்று சொல்ல மாட்டேன். ருசி கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. ஆனால் இரண்டாம் நாள் வேறொன்றைக் கவனித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் ஊர் போடுகிற சத்தத்தில் பாதி கடுகு போடுகிற சத்தம். அது இல்லாதபோது நாலு வீடு தள்ளிக் கொலுசு நடப்பது கேட்கிறது. மாடு மூச்சுவிடுவது கேட்கிறது. நாம் மெல்லுவது நமக்கே கேட்கிறது.

"தாளிச்சா என்னங்கத்தே ஆகும்?" என்று மொக்கையம்மாவிடம் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது."

"அப்பறம் எதுக்கு?"

"தாளிக்கணும்னு கை போகுதுல்ல? அந்தக் கைக்குத்தான் காப்பு. பேசாமத் தின்னுங்க. தின்னுற வாயி கேள்வி கேட்டா பொரை ஏறும்."

பகலில் எனக்குத் தடையில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் கடைக்குப் போவேன், பில் போடுவேன், சாயங்காலம் வடமதுரை பஸ்ஸில் தொற்றிக்கொள்வேன். அம்மாவிடம் ராத்திரியும் கடையில் வேலை என்று சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "கடையில என்ன வேல? மோட்டாருக்குக் கல்யாணமா?"

சனிக்கிழமை மத்தியானம். கடையில் எல்லாரும் பிரியாணிக்குக் கிளம்பினார்கள். திண்டுக்கல்லில் அந்த வாசத்தை ஒருவர் வலியப்போய் மோக்க வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு இரைச்சல் மாதிரி அது சும்மாவே காற்றில் இருக்கும். நாலு நாள் அவித்த சீனியவரை தின்றவனுக்கு அதுவே வழி காட்டியது. போய் உட்கார்ந்தேன். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தேன். சீரகச்சம்பா ஆவி பறக்க இலைக்கு வரும் நேரம், எழுந்துவிட்டேன்.

"என்னண்ணே, எல போட்டாச்சு!" என்றார் பரிமாறுகிறவர்.

"காப்புக் கட்டியிருக்கேன்."

அவர் என் வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார். "ஒண்ணையும் காணமே?"

உண்மையில் ஒன்றையும் காணோம்தான். எனக்கு யாரும் நூல் கட்டவில்லை, சத்தியம் வாங்கவில்லை. அங்கே என்னைப் பார்க்க வெள்ளைச்சாமி வரப்போவதில்லை. கையைக் கழுவிவிட்டு இரண்டு வாழைப்பழம் தின்று கடைக்குப் போனேன். பெரிய மனஉறுதி என்று நினைத்துவிடாதீர்கள். சாயங்காலம் மொக்கையம்மா சோறு போடும்போது பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினார். "வாழப்பழமா?" என்றார். நான் பிழைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. காலையிலேயே வெள்ளைச்சாமி என்னை மோட்டார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "ஓடுது, ஆனா தண்ணி எடுக்கல. பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பூப்பறிக்கப் போய்விட்டார். நான் பார்த்தேன். சுற்றிவந்து பார்த்தேன். குனிந்து காதை வைத்தேன். ஒரு நட்டைத் தொட்டு, ஏதோ புரிந்ததுபோல் தலையாட்டினேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். பின்னால் குடத்தோடு பாண்டியம்மாள் நின்றாள். முதன்முதலாக முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் சிரிப்பை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தி, கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"கம்பெனியில ஒங்களுக்கு என்ன வேலைங்க?"

"மேற்பார்வை."

"அதான் மேலயே பாக்குறீக." குடத்திலிருந்த தண்ணீரைக் குழாயின் மேல்வாயில் மடமடவென்று ஊற்றினாள். "அடியில வால்வு கசியுது. கொழாய்ல தண்ணி நிக்காமக் காத்துப் புடிச்சுக்கிருது. ஊத்தி நெறச்சுட்டுப் போட்டா எடுத்துரும். இப்பப் போடுங்க."

போட்டேன். செத்த நேரம் வெறுமனே இரைந்துவிட்டு, திடீரென்று செருமி, வாய்க்காலில் தண்ணீர் வந்து விழுந்தது. என் நாக்கு நுனியில் அப்போது மூன்று ஜோக் வந்து வரிசையில் நின்றது. மூன்றும் நல்ல ஜோக். மூன்றையும் விழுங்கினேன். அதற்கு முன்னால் அப்படி ஒன்று எனக்கு நடந்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் வெள்ளைச்சாமி வெற்றிலையை மடித்தபடி ஆரம்பித்தார். "தம்பி, நீங்க திண்டுக்கல்லுல மோட்டார் லயன்ல இருக்குறவரு. நம்ம புள்ளைக்கு ஒரு எடம் பேசிக்கிருக்கு. அந்த லயன்லதான் பில்லுப் போடுற பையனாம்." என் பெயரைச் சொன்னார். சொந்தப் பெயரை. "தெரியுமா?"

உள்கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

வாழ்க்கையில் என்னைப் பற்றி நானே பேச இவ்வளவு நல்ல வாய்ப்பு அமைந்ததில்லை. தங்கமான பையன், தாய்சொல் தட்டாதவன், சிவந்த நிறம் என்று அரைமணி நேரம் அடித்துவிட்டிருக்கலாம். ஆனால் ஐந்து நாளாகக் குழம்பே தாளிக்காமல் வந்துகொண்டிருந்தது. பேச்சும் அப்படித்தான் வந்தது.

"தெரியும்ங்க."

"எப்படி?"

"வாயி கொஞ்சம் நீளம்."

"கை?"

"கை சுத்தம்."

"குடி?"

"டீதான். ஒரு நாளைக்கு ஏழு."

மொக்கையம்மா குறுக்கே வந்தார். "வாயி நீளம்னா? கெட்ட வாயா?"

"கெட்டது இல்லைங்கத்தே. ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. மூணு எடம் அதனாலயே கெட்டுப்போச்சு. மனசுல ஒண்ணுமில்ல, நாக்குலதான் எல்லாம்."

வெள்ளைச்சாமி வெற்றிலையை வாயில் போட்டு நன்றாக மென்றார். "யாராவது நிறுத்தி வச்சா நிக்குமா?"

"தெரியலைங்க. இதுவரைக்கும் யாரும் நிறுத்திப் பாத்ததில்ல."

"ம்" என்றார். கதவுக்குப் பின்னால் வளையல் திரும்பவும் நடந்தது. நான் மோட்டார் ரூமுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, என் கல்யாணத்தை என் வாயாலேயே நாலாவது தடவையும் கெடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிக் கெடுத்தது ஒன்றுதான் வித்தியாசம்.

புதன்கிழமை காலை காப்பை அவிழ்த்தார்கள். அவிழ்த்ததும் என்ன நடந்தது தெரியுமா? ஊர் முழுக்க, ஒரே சமயத்தில், எல்லா வீட்டிலும் கடுகு வெடித்தது. திட்டம் போட்டதுபோல் ஒரு தெரு முழுக்கப் படபடவென்று. வாசம் பிறகுதான் வந்தது, சத்தம்தான் முதலில். தாளிப்பு என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் தின்றேனே, எட்டு நாள் நிறுத்திவைத்து யாரும் காட்டியதில்லை.

மூக்கை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றவன் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் கவிழ்ந்தது. வெள்ளைச் சட்டை, ஒரே சட்டை, மஞ்சளாகி உடம்போடு ஒட்டியது. திரும்பினால் காலிக்குடத்தோடு பாண்டியம்மாள்.

"அடியே பாண்டி! யாரு மேலடி ஊத்துற?" மொக்கையம்மா உள்ளேயிருந்து கத்தினார். "மொறக்காரங்க மேலதாண்டி ஊத்தணும்!"

"இதுவும் தண்ணி ஊத்துனாத்தான் ஓடும் அத்தே" என்றாள் அவள்.

ஓடினேன். காலை ஏழரை பஸ்ஸுக்கு. கண்டக்டர் மஞ்சள் சொட்டச்சொட்ட நின்றவனைப் பார்த்து, "என்ன மாப்ள, ஊத்திட்டாங்களா?" என்றார். டிக்கெட் எடுக்கும் வரை எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

அடுத்த வாரம் அம்மாவோடு, மாமாவோடு, தாம்பூலத் தட்டோடு அதே வீட்டுக்குப் போனேன். வெள்ளைச்சாமி, "வாங்க வாங்க, வழி கண்டுபுடிக்கச் சிரமமில்லையே?" என்று என்னைத்தான் கேட்டார். மொக்கையம்மா உற்றுப் பார்த்து, "தம்பிய எங்கனயோ பாத்தாப்ல இருக்கே" என்றார். "திண்டுக்கல்லுல எல்லாருக்கும் ஒரே மொகந்தான்க்கா" என்றார் வெள்ளைச்சாமி. அவர்கள் வீட்டு நாய்தான் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தது. நேராக வந்து என் காலடியில் படுத்து, வாலால் தரையைப் பெருக்கியது. "நாய்க்கே மாப்பிள்ளையப் புடிச்சுப்போச்சு பாருங்க" என்று அம்மா பூரித்துப்போனாள். போண்டா வந்தது. வாங்கினேன், தின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அடிக்கடி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

அவர்களுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, பெருந்தன்மையாக வாயைக் கட்டிக்கொண்டார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அதுபற்றிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இந்த வருஷக் கும்பிட்டுக்கு நானும் பாண்டியம்மாளும் போயிருந்தோம். வெள்ளைச்சாமியும் இல்லை, மொக்கையம்மாவும் இல்லை. மோட்டார் ரூம் இருந்த இடத்தில் கார் நிற்கிறது. இப்போதைய மோட்டார் பூமிக்குள்ளேயே கிடக்கிறது. அதற்கு யாரும் குடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மல்லிகைக் காட்டில் பாதி, கல் ஊன்றிய மனையிடம். கொட்டடித்துச் சொல்கிறவருக்குப் பதிலாக போனில் குரல்செய்தி வருகிறது. பிள்ளைகள் திருப்பூரிலிருந்து கடைசி நாளைக்குக் காரில் வந்து, மஞ்சள் தண்ணீர் சட்டையில் படாமல் போட்டோ எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள்.

காப்புக் கட்டினது ஆறரை மணிக்கு. குலவை அடங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, எதிர்வீட்டில் கடுகு வெடித்தது. பைக்கில் ஒரு பையன் யாருக்கோ ஃபிரைட் ரைஸ் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தோரணத்துக்கு அடியில் தலையைக் குனிந்து, போய்க்கொண்டேயிருந்தான். யாரும் அவனை எங்கிட்டு கிளம்பிட்டீக என்று கேட்கவில்லை. வழியை விட்டு ஒதுங்கி நிற்கக்கூட அங்கே ஆளில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த பாண்டியம்மாளிடம் ஆரம்பித்தேன். "பாத்தியா? ஒங்க ஊரு கட்டுப்பாடெல்லாம் போச்சு. அந்தக் காலத்துல வெளியூர்க்காரன் ஒருத்தன் தெரியாம எல்லைக்குள்ள நின்னாக்கூட விட மாட்டீங்க. எட்டு நாள் ராத்தங்கல் இங்கதான். இன்னிக்குப் பாரு, ஃபிரைட் ரைஸ்காரன் பாட்டுக்கு வாரான், போறான்."

அவள் நிமிரவில்லை. "வெளியூர்க்காரங்களுக்கு எந்தக் காலத்துலயும் காப்பு கெடையாது. ஊர்க்காரங்களுக்குத்தான்."

எதிர்வீட்டுக் கடுகு வெடித்து ஓய்ந்தது.

"அப்ப எனக்கு?"

"ஒங்களுக்கு மட்டுந்தான்."